வலி போன பிறகும் ஆன்டி சிசிபி ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. ஈரோடு பக்கம். வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். மூன்று வருடம் முன்பு இரண்டு கை விரல் கணுக்களும் வீங்கி, காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாத நிலை இருந்தது. ரத்த டெஸ்டில், இந்த நோய்க்குப் பார்க்கும் ஆன்டிபாடிகளான ஆர்ஏ ஃபேக்டர் 118, ஆன்டி சிசிபி '200க்கு மேல்' என்று வந்தது. முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., தினமும் எச்சிக்யூ (ஹைட்ராக்சிகுளோரோகுயின்) 200, ஃபோலிக் ஆசிட் கொடுத்தார்கள். ஒன்றரை வருடமாக வலி, வீக்கம் எதுவும் இல்லை. ரெமிஷன், அதாவது நோய் அடங்கிய நிலை என்று டாக்டர் சொன்னார். போன மாதம் ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை சலுகை விலையில் செய்தார்கள் என்று போய்ப் பார்த்தேன். அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் 18, சிஆர்பி 2.1, ஆர்ஏ ஃபேக்டர் 52. ஆனால் ஆன்டி சிசிபி 340! வியாதி உள்ளுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறதா? மருந்தைக் கூட்ட வேண்டுமா? என் கொழுந்தனார், 'வலியே இல்லை, இத்தனை மாத்திரை எதற்கு, நிறுத்திவிடுங்கள்' என்கிறார். சிசிபியை ஜீரோ ஆக்கிவிடும் என்று ஒரு கஷாயத்தையும் வாங்கி வந்திருக்கிறார். 21 வயது மகளுக்கும் இந்த டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்: சகோதரி, முதலில் கஷாயத்தைப் பரணில் ஏற்றுங்கள். 340 என்ற எண்ணை மட்டும் வைத்து மருந்தைக் கூட்ட வேண்டியதில்லை. வலி இல்லை என்பதற்காக நிறுத்தவும் கூடாது. உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன், கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களே பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகின்றன.

அந்த 340ஐ முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் பழைய ரிப்போர்ட்டில் 200 என்று இல்லை, '200க்கு மேல்' என்று இருக்கிறது. அந்த லேபின் மெஷின் 200 வரைக்கும்தான் எண்ணாகச் சொல்லும், அதைத் தாண்டினால் 'மேல்' என்று போட்டுவிட்டு விட்டுவிடும். அன்றைக்கு உங்கள் அளவு 210ஆகவும் இருந்திருக்கலாம், 900ஆகவும் இருந்திருக்கலாம். இப்போதைய லேபின் மெஷினுக்கு உச்சவரம்பு வேறு. ஆக, ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று இந்த இரண்டு தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதோடு ஒவ்வொரு கம்பெனி கிட்டுக்கும் அளவுகோல் வேறு, நார்மல் எல்லையே ஒரு லேபில் 17 என்றும் இன்னொன்றில் 20 என்றும் இருக்கும். வேறு வேறு லேப் ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பது வீண் வேலை. ஒரே லேபில் எடுத்து 250 என்பது 340 ஆகியிருந்தால்கூட, மூட்டு சும்மா இருக்கும்வரை நான் அதற்காக எதையும் மாற்றமாட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இந்த ஆன்டிபாடிகள் (நோய் எதிர்ப்புப் புரதங்கள்) என்ன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். ஆர்ஏ ஃபேக்டர் பழைய ஆள். 1940இல் நார்வேயில் எரிக் வாலர் என்பவர் கவனித்தார், 1948இல் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் மறுபடி கண்டார். நம் உடம்பில் இருக்கும் ஆன்டிபாடிகளின் வால் பகுதியையே எதிரி என்று நினைத்துப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி அது. அதில் தொல்லை என்னவென்றால், காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி என்று நாள்பட்ட தொற்று எதிலும் அது தலைகாட்டும். வயதானவர்கள் சிலருக்கு எந்த நோயும் இல்லாமலே பாசிட்டிவாக இருக்கும். முடக்குவாதம் உள்ளவர்களிலோ நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு அது வருவதே இல்லை. 'ஆர்ஏ பாசிட்டிவ்' என்ற ஒற்றை வரியைப் பார்த்து, முழங்கால் தேய்மானத்துக்கு வருடக்கணக்கில் முடக்குவாத மருந்து சாப்பிட்டவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஆன்டி சிசிபி அப்படி ஊரெல்லாம் சுற்றுவதில்லை. நம் புரதங்களில் அர்ஜினைன் என்று ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. அழற்சி இருக்கும் இடத்தில் சில என்சைம்கள் அதை சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றிவிடும். புகை பிடிப்பவர்களின் நுரையீரல், சீழ் பிடித்த ஈறு போன்ற இடங்களில் இது அதிகம் நடக்கும். மரபணு வாகு உள்ள சிலருக்கு, அப்படி மாறிய புரதம் அந்நியமாகத் தெரிந்து அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிவிடுகிறது. இந்தக் குறி சிட்ருலின்தான் என்று நெதர்லாந்தின் நைமேகன் குழு 1998இல் காட்டியது, சில வருடங்களில் டெஸ்டும் கடைக்கு வந்தது. முடக்குவாதம் இல்லாத நூறு பேரை எடுத்தால் ஏறக்குறைய 95 பேருக்கு இது நெகட்டிவாகவே இருக்கும். அதனால்தான் நோயைக் கண்டுபிடிக்க இதை அவ்வளவு நம்புகிறோம்.

உங்கள் கேள்விக்கு நேராக வரும் விஷயம் 2004இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு. பின்னாளில் முடக்குவாதம் வந்த 79 பேர், அதற்கு முன்னால் ரத்த தானம் செய்தவர்கள். ரத்த வங்கியில் அவர்களுடைய பழைய மாதிரிகள் உறைநிலையில் பத்திரமாக இருந்தன. எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் தொடங்குவதற்கு முன்பே ஆர்ஏ ஃபேக்டரோ ஆன்டி சிசிபியோ இரண்டுமோ இருந்திருக்கின்றன, சராசரியாக நாலரை வருடம் முன்பே. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் அவர்கள். அன்றைக்கு ஒரு விரல்கூட வீங்கியிருக்கவில்லை. ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பதும் மூட்டு எரிவதும் இரண்டு தனி விஷயங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. நோய் வருவதற்கு முன்னால் சத்தமில்லாமல் இருந்தது, நோய் அடங்கிய பின்னும் சத்தமில்லாமல் இருக்க முடியும்.

மருந்து ஏன் அதை அழிப்பதில்லை? ஆன்டிபாடியைத் தயாரிப்பது பிளாஸ்மா செல்கள். அவற்றில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில் குடியேறி வருடக்கணக்கில் வாழும். சின்ன வயதில் தட்டம்மை வந்தவருக்கு அறுபது வயதிலும் அதன் ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பது இவற்றால்தான். மெத்தோட்ரெக்சேட் மூட்டுச் சவ்வில் நடக்கும் அழற்சியை அடக்குகிறது, மஜ்ஜைக்குள் போய் அந்தச் செல்களைப் பெயர்த்து எடுப்பதில்லை. பிளாஸ்மா செல்களாக மாறும் பி செல்களையே துடைத்து எடுக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டாலும் இவை தப்பிவிடும், அந்த மருந்து தேடிப் பிடிக்கும் சிடி20 என்ற அடையாளம் பிளாஸ்மா செல்லின் மேல் கிடையாது. ஆர்ஏ ஃபேக்டர் மட்டும் நோய் அடங்க அடங்க ஓரளவு கூடவே இறங்கும். உங்களுக்கு 118லிருந்து 52க்கு வந்திருப்பதும் அப்படி இருக்கலாம், லேப் மாறியதாலும் இருக்கலாம்.

நெதர்லாந்தின் லைடன் நகரத்து மருத்துவர்கள் 2019இல் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தார்கள். மருந்தையே நிறுத்தி, நீண்ட காலம் நோய் திரும்பாமல் இருப்பவர்களை எடுத்துக்கொண்டார்கள். முடக்குவாதத்தில் இதைவிட நல்ல நிலை கிடையாது. அவர்களில் நோயின்போது ஆன்டி சிசிபி பாசிட்டிவாக இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது பாசிட்டிவாகவே இருந்தது. நெகட்டிவாக மாறியவர்கள் சிலர்தான், அந்த விகிதம் மருந்து தொடர்பவர்களிடம் இருப்பதைவிடப் பெரிதாக வித்தியாசப்படவும் இல்லை. மருந்தே வேண்டாத அளவுக்குக் குணமானவர்களுக்கே போகாத ஒன்று உங்களுக்குப் போகவில்லை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அப்படியானால் ரெமிஷனை எதை வைத்துச் சொல்கிறோம்? கையை வைத்து. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால் என்று 28 மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறோம். அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2011இல் வகுத்த அளவு இது: வலிக்கும் மூட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, வீங்கிய மூட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 'நோய் உங்களை எவ்வளவு படுத்துகிறது' என்று பத்துக்கு மதிப்பெண் கேட்டால் நோயாளி சொல்வது ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. கடைசி நிபந்தனை ரொம்பக் கறார் என்று 2022இல் அதை இரண்டாகத் தளர்த்தினார்கள். நியாயம்தான். கழுத்துத் தேய்மானமும் தூக்கமின்மையும் இருப்பவர் எந்த நாளில் பூஜ்யம் சொல்லப்போகிறார்? சிடிஏஐ என்று இன்னொரு கணக்கும் உண்டு, அதில் ரத்தப் பரிசோதனையே கிடையாது. வலிக்கும் மூட்டு எண்ணிக்கை, வீங்கிய மூட்டு எண்ணிக்கை, நோயாளி போடும் மார்க், டாக்டர் போடும் மார்க், நான்கையும் கூட்டி 2.8க்குள் இருந்தால் ரெமிஷன். இவை எதிலும் ஆர்ஏ ஃபேக்டரும் இல்லை, ஆன்டி சிசிபியும் இல்லை. பெயர் ஒன்று போல ஒலிப்பதால் பலர் குழம்புகிறார்கள்: இன்றைய அழற்சியைச் சொல்வது சிஆர்பி, உங்களுக்கு அது 2.1. சிசிபி வேறு.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கையை முஷ்டியாக மடக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் கணுக்களைப் பாருங்கள். எலும்பு மேடுகளுக்கு நடுவே மூன்று பள்ளங்கள் தெரியும். சவ்வு வீங்கினால் முதலில் காணாமல் போவது இந்தப் பள்ளங்கள்தான், பல சமயம் வலி வருவதற்கு முன்பே. விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொடாமல் நின்றாலும் அதே அர்த்தம். பாதத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்த 28இல் பாத மூட்டுகள் சேராது, அது எனக்கு என்றைக்கும் ஒரு குறைதான். தையல் மெஷினை மிதிப்பவருக்கு முன்பாதத்தில் கூழாங்கல்லை மிதிப்பது போல் வலி தொடங்கினால், விரல்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, ஆன்டி சிசிபி உதவாத டெஸ்ட் என்று கொழுந்தனார் முடிவு கட்டிவிடக் கூடாது. அது நோயின் ஜாதகம் மாதிரி: இன்றைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று அதில் பார்க்க முடியாது, ஆனால் இது எந்த மாதிரி நோய் என்று சொல்லும். நார்மல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் நாங்கள் அதை 'உயர் பாசிட்டிவ்' என்கிறோம். 2010இல் வந்த நோய் கண்டறியும் வரைமுறையில் அதற்குத் தனியாக மூன்று மதிப்பெண் உண்டு. நீங்கள் முதல் நாளே அந்த வகை. இந்த வகையில், கவனிக்காமல் விட்டால் மூட்டு எலும்பு சீக்கிரம் அரித்துப்போகும். நுரையீரலில் தழும்பு விழும் வாய்ப்பும் கூடுதல், அதனால் வாரக்கணக்கில் வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குவது என்று எது வந்தாலும் 'சளிதானே' என்று விட வேண்டாம்.

இன்னொன்றும் அந்த ஜாதகத்தில் இருக்கிறது, கொழுந்தனாருக்கான பதில் அதுதான். மருந்தை நிறுத்தினால் யாருக்கு நோய் திரும்பும் என்று பார்த்தால், ஆன்டி சிசிபி உள்ளவர்கள்தான் முன்வரிசையில் நிற்கிறார்கள். ஜெர்மனியில் ரெட்ரோ என்ற ஆய்வில், குறைந்தது ஆறு மாதம் ரெமிஷனில் இருந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். மருந்தை அப்படியே தொடர்ந்தவர்களில் ஒரு வருடம் கழித்து ஐந்தில் நான்கு பேர் ரெமிஷனில் இருந்தார்கள். பாதியாகக் குறைத்தவர்களில் பத்துக்கு ஆறு பேர். முதலில் பாதியாக்கி அப்புறம் முழுக்க நிறுத்தியவர்களில் பாதிக்கும் குறைவு. நார்வேயில் 2021இல் வெளியான ஆர்க்டிக் ரீவைண்ட் ஆய்வு உங்களைப் போல மெத்தோட்ரெக்சேட் வகை மாத்திரையில் இருப்பவர்களைப் பற்றியது. ஒரு வருடம் நோய் அடங்கி இருந்தவர்கள்தான் எல்லோரும். முழு டோஸ் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு நோய் மறுபடி கிளம்பியது, பாதி டோஸ் ஆக்கியவர்களில் 25 பேருக்கு.

இதே எண்களை மறுபக்கமிருந்தும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். பாதி டோஸில் 75 பேர் நன்றாகவே இருந்தார்கள். ஆகவே ஆயுள் முழுக்க 15 மி.கி. என்று நான் சொல்லமாட்டேன். குறைக்க ஆசை இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முதலில் போக வேண்டும். பிறகு வார மாத்திரையை 15லிருந்து 12.5, மூன்று நான்கு மாதம் பார்த்துவிட்டு 10 என்று இறங்கலாம். திடீரென்று நிறுத்துவதுதான் கூடாது. குறைத்து நோய் கிளம்பினாலும் பழைய டோஸுக்குத் திரும்பினால் பெரும்பாலோருக்கு மறுபடி அடங்கிவிடுகிறது. ஆனால் அடங்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த நேரம் தீபாவளித் தையல் நேரமாக அமைந்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ஆன்டி சிசிபி உயரமாக இருக்கும் ஒருவர், விரலை வைத்தே பிழைப்பவர், மருந்தும் ஒத்துக்கொள்கிறது என்றால், நான் அவசரப்படமாட்டேன். இன்னொரு வருடம் போகட்டும் என்பேன்.

கஷாயத்துக்கு வருகிறேன். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போவது வேறு, அப்படிப் போனால் இரண்டு பக்கமும் எல்லா மருந்தையும் சொல்லிவிடுங்கள். லேபிள் இல்லாத பாட்டிலில் வரும் சரக்கு வேறு. மூன்றே நாளில் வலி பறக்கிறது, பசி எடுக்கிறது, ஒரு மாதத்தில் முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றுதான் நான் சந்தேகப்படுவேன். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவருக்குக் கல்லீரலை வேறு கவனிக்க வேண்டியிருக்கிறது, என்னவென்று தெரியாத ஒன்றை அதன் மேல் ஊற்றக் கூடாது. ஜீரோ ஆக்கிக் காட்டினாலும் உங்களுக்கு லாபம் என்ன? மூட்டு ஏற்கெனவே நன்றாகத்தானே இருக்கிறது.

இனிமேல் லேபில் என்ன எடுக்கலாம் என்று கேட்டால், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்த அணுக்கள், கல்லீரல் டெஸ்ட், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கூடவே இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி. எச்சிக்யூ ஐந்து வருடத்தைத் தாண்டினால் வருடா வருடம் கண் விழித்திரைப் பரிசோதனை. கை, கால் எக்ஸ்ரே டாக்டர் சொல்லும்போது. ஆர்ஏ ஃபேக்டரும் ஆன்டி சிசிபியும் திரும்ப எடுக்கத் தேவையில்லை. பேக்கேஜில் சேர்ந்து வந்தால் எண்ணைப் பார்த்துவிட்டு ஃபைலில் போடுங்கள். தனியாகக் காசு கொடுத்து எடுப்பதாக இருந்தால் அந்தப் பணத்துக்குப் பல் டாக்டரிடம் போய் ஈறைச் சுத்தம் செய்துகொள்வது மேல்.

மகள் விஷயம். அவருக்கு மூட்டுத் தொந்தரவு எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் டெஸ்ட் வேண்டாம். ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுதல் என்பது உண்மை, ஆனாலும் முடக்குவாதக்காரர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. பாசிட்டிவ் என்று வந்துவிட்டால், ஒரு வலியும் இல்லாத 21 வயதுப் பெண்ணுக்குக் கொடுக்க இன்றைக்கு எங்களிடம் மருந்து கிடையாது. ஆன்டி சிசிபியும் மூட்டு வலியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு அபாட்டசெப்ட் என்ற ஊசியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2024இல் வந்தன. போடும்வரை நோய் தள்ளிப்போனது, நிறுத்திய பிறகு அந்த வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்தது. வழக்கத்துக்கு வரும் நிலையில் அது இன்னும் இல்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில் ஒரு ரிப்போர்ட் வீட்டில் என்னவெல்லாம் கிளப்பும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். ரத்த உறவில் பீடி, சிகரெட் பழக்கம் உள்ள ஆண்கள் யாராவது இருந்தால் இந்த எச்சரிக்கை மகளைவிட அவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும், புகைதான் இந்த வகை நோய்க்கு நமக்குத் தெரிந்த பெரிய தூண்டுகோல்.

மகளிடம் இதைமட்டும் சொல்லி வையுங்கள்: காலையில் எழுந்ததும் விரல் கணுக்கள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்து, அது நாள் தவறாமல் தொடர்ந்தால், மோதிரம் திடீரென்று இறுகினால், யாராவது கையை அழுத்திப் பிடித்தால் கணு வலித்தால், தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் ஆறு வாரத்துக்குள் ஒரு மூட்டு வாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது அவர் ஆன்டி சிசிபி எழுதுவார். அதற்குக் காசு கொடுங்கள்.